மிக்கேலைக் கண்ட சாட்சியும் ஒரு பழைய கோர்ட்டுப் படமும்

காற்று அடிக்கிறபோதெல்லாம் நீதிபதிக்கு வயிறு உப்பியது.

கடற்கரைக் கோயிலின் முன்னால், மாதா சொரூபம் இருக்கிற கெபிக்குப் பக்கத்தில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். அதில் கறுப்பு வெள்ளையில் ஒரு பழைய கோர்ட்டுப் படம். கூண்டில் குற்றம் சாட்டப்பட்டவன், எதிரே கறுப்புக் கோட்டு வக்கீல், மேலே கனத்த மூக்குக்கண்ணாடியோடு நீதிபதி. கடல் காற்று பின்னாலிருந்து தள்ளும்போது மூன்று பேரும் நம்மீது சாய்ந்து பிறகு நிமிர்வார்கள். ஜெபமாலை முடிந்த கையோடு ஊரே மணலில் உட்கார்ந்திருந்தது. வறுத்த கடலை வாசத்தைக் கருவாட்டு வாசம் அமுக்கிக்கொண்டிருந்தது.

முகக்கவசங்களை எல்லோரும் கழற்றிப் போட்ட பிறகு வந்த முதல் திருவிழாவோ இரண்டாவதோ, நினைவில்லை. படம் எனக்கு மனப்பாடம். அதனால் நான் பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். பாதிப்பேர் திரையைப் பார்க்கவில்லை. ஓரத்தில் தனியாகக் குந்தியிருந்த ஒருவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் வக்கீல் விரலை நீட்டினால் இவர்கள் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் பெயர் மிக்கேல். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் ஊர்க் கமிட்டி அவனை விசாரிக்கப் போகிறது.

நான் யாரையும் நம்புவதில்லை

இந்தப் பக்கத்தை இன்றுதான் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வரி. தூத்துக்குடியில் கிரிமினல் வக்கீலாக இருந்து தலை நரைத்து ஓய்வு பெற்றவள் நான். பால்காரர் “சுத்தமான பாலும்மா” என்றால், இன்றைக்கு ஏன் இதைச் சொல்கிறார் என்று யோசிப்பேன். என் வீட்டுக்காரர் பரிசு வாங்கி வந்தால் முதலில் காரணம் கேட்பேன். அந்த மனிதர் இப்போதெல்லாம் பரிசே வாங்குவதில்லை.

எனக்கும் மிக்கேலுக்கும் என்ன தொடர்பு? அவன் மனைவி கித்தேரி. வாரத்தில் பாதி நாள் அவள் கூடையில்தான் எங்கள் தெருவுக்கு மீன் வரும். செவுளைத் தூக்கிக் காட்டி, விலை சொல்லி, பேரத்தில் தோற்பதுபோல் நடித்து ஜெயித்துவிட்டுப் போவாள். ஒரு நாள் கூடையை இறக்காமலே நின்றாள்.

“வக்கீலம்மா, எங்க வீட்டு ஆள ஊரு ஒதுக்கப் போவுது. நீங்க வந்து ஒரு வார்த்த கேளுங்கம்மா.”

“என்னளா செஞ்சான் உன் புருசன்?”

“ஒண்ணும் செய்யலம்மா. காய்ச்சல்ல சுருண்டு கெடந்தாரு. நான் என் கண்ணால பாத்தேன்.”

விஷயம் இதுதான். அந்த ஊரில் கஸ்பார் என்பவர் கொஞ்சம் வசதியானவர். பெரிய ஃபைபர் படகு, அங்கே ‘போட்டு’ என்பார்கள், இரண்டு எஞ்சின். சாயங்காலம் கடலில் வலையை விரித்து மிதவை கட்டிவிட்டு வருவார், விடிந்ததும் போய் எடுப்பார். ஒரு நாள் போய்ப் பார்த்தால் வலை கந்தல் கந்தலாக அறுபட்டுக் கிடந்தது. அன்று விடியற்காலை மிக்கேல் அந்தத் திசையிலிருந்து தன் சின்னத் துடுப்புப் படகான வள்ளத்தில் வந்ததைக் கண்ணால் கண்டதாகச் சொன்னார் தொம்மை. கோயிலில் வாசகம் வாசிக்கிறவர், பொய் பேசாதவர் என்று ஊரே சொல்லும்.

மிக்கேலுக்குக் காரணமும் இருந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு கஸ்பாரின் போட்டு மிக்கேலின் வலைமீது ஏறி அதை நாராகக் கிழித்துவிட்டது. “இருட்டுல தெரியல” என்றார் கஸ்பார். கமிட்டி இரண்டு பேரையும் கோயில் முற்றத்தில் நிறுத்திக் கட்டிப்பிடிக்க வைத்தது. மிக்கேலும் “சரி அண்ணாச்சி, விடுங்க” என்று சொல்லிவிட்டான். இப்போது கஸ்பார் வலை அறுபட்டதும், அன்று எப்படி அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்தான் என்று ஊர் கேட்க ஆரம்பித்தது.

குற்றம் உறுதியானால் ஒரு வருடம் அவன் வள்ளம் தண்ணீரைத் தொடக்கூடாது. யாரும் அவனுக்கு ஐஸ் விற்கக்கூடாது, அவனோடு பேசவும் கூடாது. ஒரு வருடம் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பவன் என்ன செய்வான்? குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விடுவான். அதற்குத்தான் கித்தேரி பயந்தாள்.

எனக்கு மிக்கேல் மேலேயே சந்தேகம்தான். போய் விசாரித்தபோது “நான் அன்னைக்குப் போவல” என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. என் அனுபவத்தில் தப்பு செய்யாதவன் நிறையப் பேசுவான், அழுவான், சாமிமேல் சத்தியம் செய்வான். வாயை இறுக்கி மூடுகிறவன் எதையோ உள்ளே வைத்திருக்கிறான் என்றுதான் அர்த்தம்.

படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன்

சொன்னால் உடனே போனில் தேடி முடிவைத் தெரிந்துகொண்டு, மேற்கொண்டு படிக்காமல் விட்டுவிடுவீர்கள். உங்களையும் எனக்குத் தெரியும்.

கதை சாதாரணமானது. ஒரு ஜவுளிக்கடை முதலாளி செத்துக் கிடக்கிறார். தம்பிதான் கொன்றான் என்று வழக்கு. அந்த வீட்டில் சமைக்கிற அம்மாள் சாட்சிக் கூண்டில் ஏறி, “மாடியில் சின்னவர் குரல் கேட்டது” என்கிறாள். நல்ல மனுஷி, யாருக்கும் கெடுதல் நினைக்காதவள். அவள் சொன்ன பிறகு தம்பிக்குத் தூக்கு நிச்சயம் என்றுதான் நமக்குத் தோன்றும்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருக்கிறார். அவருக்கு ஜலதோஷம். கத்தப் போகிறார், மேசையைக் குத்தப் போகிறார் என்று காத்திருக்கிறோம். மனுஷன் மூக்கைத் துடைத்துக்கொண்டு தம்ளரிலிருந்து தண்ணீர் குடிக்கிறார். வசனம் இல்லை, பின்னணி இசை இல்லை, மின்விசிறிச் சத்தம் மட்டும். அந்த நேரம் காமிரா கேட்டுக்கொண்டிருக்கிறவர்களைச் சுற்றிவருகிறது. தம்பி பெண்டாட்டி வளையலைத் திருகுகிறாள். கணக்குப்பிள்ளை கழுத்தைத் துடைக்கிறார். வாட்ச்மேன் கொட்டாவி விடுகிறான். பார்க்கிற ஒவ்வொருவர் மேலும் நமக்குச் சந்தேகம் வருகிறது, கொட்டாவி உட்பட.

பிறகு ஒரு கேள்வி. “அம்மா, அன்றைக்கு ராத்திரி எத்தனை இலை போட்டீர்கள்?”

“ஒண்ணு” என்கிறாள்.

தம்பி வீட்டில் இருந்திருந்தால் இரண்டு இலை. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல். அவள் கேட்டது செத்துப்போனவரின் குரலையே. அவள் பொய் சொல்லவில்லை. காது கேட்டதோடு மனசு ஒரு ஆளையும் சேர்த்துக்கொண்டது, அவ்வளவுதான்.

நிஜக் கோர்ட்டு இப்படியெல்லாம் இருக்காது. வாய்தா, வாய்தா, மறுபடி வாய்தா. எங்கள் கோர்ட்டில் மேசையைக் குத்திப் பேசினால் மேசைதான் உடையும், கேஸ் உடையாது. இருந்தாலும் இந்தப் படம் ஒவ்வொரு தடவையும் என்னைக் கட்டிப் போடுகிறது. கொலைகாரன் யார் என்பதற்காக இல்லை. அதுதான் எனக்குத் தெரியுமே. அந்தத் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் படம் நம்மை நீதிபதி ஆக்கிவிடுகிறது. நாம் மனசுக்குள் தீர்ப்பு எழுதிப் பேனாவையும் மூடிவிடுகிறோம். அப்புறம்தான் மெதுவாக, “அவசரப்பட்டுட்டியே” என்கிறது. அந்த வெட்கம்தான் ஆளைப் பிடித்து உட்கார வைக்கிறது.

மக்ரூன் துகள்

இந்தப் படத்தை முதலில் நான் பார்த்தது திருட்டுத்தனமாக. எங்கள் அப்பா சாத்தான்குளம் பக்கம் மிஷன் பள்ளித் தலைமையாசிரியர். சினிமா அவருக்குச் சாத்தானின் கடை. விடுமுறைக்குத் தூத்துக்குடி போயிருந்த என்னைச் சித்தி, வேதபாட வகுப்புக்கு அழைத்துப் போவதாகச் சொல்லித் தியேட்டருக்குக் கூட்டிப்போனாள். இடைவேளையில் ஒரு பொட்டலம் மக்ரூன். வாயில் வைத்ததும் கரைந்துபோகிற, முந்திரி வாசம் அடிக்கிற தூத்துக்குடி மக்ரூன்.

திரும்பி வந்தபோது அப்பா வந்து உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. என் பாவாடையைப் பார்த்தார். “வேதபாட வகுப்புல இப்பல்லாம் மக்ரூன் குடுக்காங்களோ?” என்று மட்டும் கேட்டார்.

சித்தி அழுதுவிட்டாள். குறுக்கு விசாரணை என்றால் என்னவென்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. சட்டக் கல்லூரி பிற்பாடு அதற்கு ஒரு கறுப்புக் கோட்டு மாட்டிவிட்டது.

“கஸ்பார் வாரான்”

படம் போட்ட அன்று சாயங்காலமே நான் அந்த ஊருக்குப் போய்விட்டேன். வெளிச்சம் மங்குகிற வரையில் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தொம்மை வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்புச் சாட்சியோடு பேச்சுக் கொடுப்பது எனக்குப் பிடித்த வேலை.

தூரத்தில் கடலில் ஒரு புள்ளி. எனக்குப் படகா பறவையா என்றுகூடத் தெரியவில்லை. தொம்மை தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார். “கஸ்பார் வாரான்” என்றார், மறுபடி வலைக்குள் குனிந்தார்.

அந்தக் கரையில் எல்லோருமே இப்படித்தான். மூக்கு தூக்கியிருக்கிற விதம், அலையில் ஏறி இறங்குகிற விதம், பெயின்ட்டின் நிறம் என்று எதையோ வைத்துப் படகை அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆனால் படகைச் சொல்வதில்லை. ராயப்பன் வாரான், அந்தோணி போறான் என்று ஆளைச் சொல்வார்கள். படகு தெரிந்தால் ஆள் தெரிந்த மாதிரி.

போட்டு கரைக்கு வந்தது. குதித்து இறங்கியது கஸ்பாரின் மருமகன். கஸ்பார் எங்களுக்குப் பின்னால், படத் துணிக்குக் கயிறு கட்டிக்கொண்டு யாரையோ வைதுகொண்டிருந்தார். தொம்மை இரண்டையும் பார்த்தார். அவருக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை.

அந்தத் தம்ளர் தண்ணீரைக் குடித்த வக்கீல்போல் ஆகிவிட்டேன்.

கோயில் ஹால்

மறுநாள் பூசை முடிந்து ஹாலில் ஆண்கள் எல்லாம் கூடினார்கள். பெண்கள் உள்ளே வருகிற வழக்கம் இல்லை; சன்னல்களுக்கு வெளியே முக்காட்டோடு நின்றார்கள். கமிட்டித் தலைவர் கப்பலில் வேலை பார்த்துத் திரும்பியவர். எனக்கு மட்டும் உள்ளே ஒரு நாற்காலி போட்டார்.

“இங்கன வக்கீலுக்கு எடமில்ல. விருந்தாளியா வேணும்னா ஒரு கேள்வி கேட்டுக்கிடுங்கம்மா.”

தொம்மை எழுந்து சிலுவை போட்டுக்கொண்டு சொன்னார். “விடிவெள்ளி முளைச்ச நேரம். கஸ்பார் வலை கெடந்த பக்கமிருந்து மிக்கேல் வந்தான். தலையில துண்டு கட்டியிருந்தான். நான் கண்டேன்.”

ஹாலே மிக்கேலைப் பார்த்தது. அவன் தரையைப் பார்த்தான். அவனுக்குப் பக்கத்தில் அமலன் உட்கார்ந்திருந்தான். மிக்கேலின் வள்ளத்தில் அவனோடு மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவன் அமலன். வேறு ஊர்க்காரன், இங்கே பெண் கட்டி வந்தவன்.

என் கேள்வியைக் கேட்டேன். “தொம்மை அண்ணாச்சி, நேத்து சாயங்காலம் நீங்க ‘கஸ்பார் வாரான்’னு சொன்னீங்க. போட்டுலேருந்து யாரு இறங்குனா?”

“கஸ்பார் மருமவன்லா இறங்குனான்.”

“கஸ்பார் எங்க நின்னாரு?”

“இந்தா, கெபிகிட்ட கயிறு...” தொம்மை நிறுத்தினார். அவர் முகத்தை நான் மறக்கமாட்டேன். தன் வீட்டில் தானே வழி தவறின மாதிரி நின்றார். பிறகு அந்த நல்ல மனிதர், யாரும் கேட்காமலேயே, சத்தமாகச் சொன்னார்: “நான் மிக்கேல் வள்ளத்தக் கண்டேன். துண்டு கட்டுன தலையக் கண்டேன். மிக்கேல் மூஞ்சிய நான் காணல. என்னைய மன்னிக்கணும்.”

ஹாலில் சலசலப்பு. தலைவர் கையை உயர்த்தினார். “அப்ப மிக்கேல்மேல குத்தம் நிக்காது” என்றார்.

எனக்கு எழுந்து கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கோட்டு இல்லை. சன்னலில் கித்தேரியைத் தேடினேன். அவள் சிரிக்கவில்லை.

படம் முடிகிற இடம்

கோர்ட்டுப் படங்களில் நான் ஒருநாளும் மன்னிக்காத ஒன்று உண்டு. “விடுதலை” என்று நீதிபதி சொன்னதும் பெண்டாட்டி ஓடிவருவாள், இசை உயரும், விளக்கைப் போட்டுவிடுவார்கள். நாமும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவோம். அந்த ஊர்க்காரர்கள் எங்கே போவார்கள்? ஒருவன்மேலிருந்து இறங்கின சந்தேகம் சும்மா போகுமா? அடுத்த வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

அங்கே தட்டியது.

“அப்ப வள்ளத்துல இருந்தது யாருல?” கஸ்பார் கத்தினார். “தானா போயிட்டு வந்துச்சா வள்ளம்?”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “மிக்கேல் வள்ளத்த எடுக்க இன்னொருத்தன் இருக்காம்லா.”

மொத்த ஹாலும் அமலனைப் பார்த்தது. நேற்று மணலில் மிக்கேலைப் பார்த்த அதே பார்வை. அமலன் எழுந்தான், “எனக்குத் தெரியாது, மாதா சத்தியமா எனக்குத் தெரியாது” என்றான். வெளியே அவன் மனைவி கைக்குழந்தையோடு அழ ஆரம்பித்தாள். நான் என் கேள்வியால் ஒருவனை மீட்டு இன்னொருவனைத் தண்ணீரில் தள்ளியிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அமலன்மேல் சந்தேகம் வந்தது. உடனே வந்தது.

“அமலன் அண்ணன விடுங்க. நான்தான் போனேன்.”

சன்னலுக்கு வெளியே கித்தேரி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யாரோ சிரித்தார்கள். அந்தக் கடற்கரையில் பெண்கள் வள்ளத்தில் காலை வைக்கமாட்டார்கள். தொழிலுக்கு ஆகாது என்பார்கள். துண்டு கட்டின தலையைப் பார்த்த தொம்மைக்கும் அது பெண்ணாக இருக்கும் என்று தோன்றியிருக்க முடியாது. அந்த ஹாலில் யாருக்குமே தோன்றவில்லை.

“ஏளா கித்தேரி, புருசன்தான் தப்பிச்சிட்டான்லா, பொறவு எதுக்குப் பொய் சொல்லுத?” என்றார் தலைவர்.

“பொய்யில்ல மாமா. எங்க ஊரு பாம்பன் பக்கம். எங்க ஊர்ல பொம்பளைங்க வள்ளத்துல தீவுக்குப் போய்த்தான் கடல்பாசி எடுப்போம். எனக்குத் துடுப்பும் தெரியும், நீச்சலும் தெரியும். கஸ்பார் அண்ணன் வலையோட கடைசி மிதவை எங்க அடுப்படியில விறகுக்குப் பின்னால கெடக்கு. போய்ப் பாருங்க.”

இரண்டு பேர் போனார்கள். திரும்பி வந்தவர்கள் கையில் மஞ்சள் பெயின்ட் அடித்த மிதவை இருந்தது. கஸ்பார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா இப்படிச் செஞ்ச? மிக்கேல்தான் அன்னைக்கே மன்னிச்சிட்டானே” என்றார். அவர் குரலே மாறிப்போயிருந்தது.

“அவரு மன்னிச்சாரு. அந்த வலைய ராப்பகலா உக்காந்து பின்னுனது நானும்தான. என்ட்ட யாரு கேட்டா? நீங்க ரெண்டு பேரும் முத்தத்துல கட்டிப்பிடிச்சீக, முடிஞ்சுபோச்சுன்னாவ. நான் மன்னிக்கலயே.”

தலைவர் மிக்கேலிடம் திரும்பினார். “உனக்குத் தெரியுமால?”

மிக்கேல் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான். “தெரியும்” என்றான்.

பிறகு தண்டனை. அதில் ஒரு சிக்கல். ஊர்க் கட்டுப்பாட்டில் இருந்த தண்டனையெல்லாம் கடலுக்குப் போகிறவனுக்குத்தான்; முதல் விதியே கடலுக்குப் போகக்கூடாது என்பது. கடலுக்கே போகக்கூடாத பெண்ணிடம் எப்படிக் கடலுக்குப் போகாதே என்று சொல்வது? பெரிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில், கிறிஸ்துமஸ் வரைக்கும் அவள் கரையில் மீன் ஏலம் எடுத்து விற்கக்கூடாது என்று முடிவானது. மிக்கேல் மறுநாளே தொழிலுக்குப் போகலாம் என்றார்கள். அவன் கொண்டுவரும் மீனை அவன் பெண்டாட்டி தொடமுடியாது.

வெறுங்கையோடு

பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கித்தேரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடை இல்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது. ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்ட நான், என் வாசலில் நின்று முகத்தைப் பார்த்துப் பேசினவளைச் சந்தேகப்படவில்லையே என்ற கோபம்.

“என்னைய எதுக்குளா கூட்டிட்டுப் போன?”

“நீங்க அவர மீட்டிருவீக, நான் வாயத் தொறக்க வேண்டாம்னு நெனச்சேம்மா. அமலன் அண்ணன் பேரு வரும்னு நான் நெனைக்கல.” காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. “அந்தப் பிள்ளைய தூக்கிக்கிட்டு அவரு பொஞ்சாதி அழுததப் பாத்தீகள்ல.”

பார்த்தேன் என்றேன். கஸ்பார் வீட்டுக்காரர்கள் ஏதாவது தொந்தரவு செய்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். கஸ்பாரே வீடு தேடி வந்தாராம். அன்றைக்கு இருட்டில் மிக்கேலின் மிதவை தெரிந்துதான் இருந்தது, சுற்றிப் போகச் சோம்பல்பட்டு மேலே ஏற்றிவிட்டேன் என்று அவளிடம் சொன்னாராம். மிக்கேலிடம் இல்லை, அவளிடம்.

“அப்ப அவர மன்னிச்சிட்டியா?”

“மன்னிச்சிட்டேம்மா. என்ட்ட வந்து கேட்டாருல்லா.”

“பொறவு ஏன் இப்படி இருக்க? எல்லாந்தான் முடிஞ்சிட்டே. மிக்கேல் ஏதும் வையுதானா?”

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. கோயில் ஹாலில் நூறு பேருக்கு முன்னால் நின்றபோது அவள் அழவில்லை.

“வைஞ்சா தேவலயே. அன்னைக்கு விடிய நான் நனைஞ்ச சேலையோட வீட்டுக்குள்ள வந்தப்ப முழிச்சுத்தான் கெடந்தாரு. எங்க போனன்னு கேக்கல. ஊரே அவர ஒதுக்கப் பாத்தப்பவும், ஏன் செஞ்சன்னு ஒரு வார்த்த கேக்கல. கூட்டம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, ‘சரி, விடு’ங்காரு.” முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “என்னையும் மன்னிச்சிட்டாரும்மா. கஸ்பார் அண்ணன மன்னிச்ச மாதிரியே.”